‘முடியாது’ என்பதும் ‘செய்து தருவாயா’ என்பதும்: உறவில் எல்லை, கைம்மாறு பற்றி ஒரு தொடக்க விளக்கம்

தோழி ஒருத்தி இரவு 11 மணிக்கு அழைத்து, அலுவலகத்தில் நடந்த சண்டையை ஒரு மணி நேரம் சொல்கிறாள். வாரத்தில் 3 நாள் இதே கதை. கேட்டுக்கொண்டிருப்பவர் காலை 5.30 மணிக்கு எழுந்தாக வேண்டும். அவர் சொல்லக்கூடியவற்றில் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

“ராத்திரியில் போன் பண்ணாதே.”

“10 மணிக்கு மேல் போனை அணைத்துவிடுவேன். சனிக்கிழமை காலையில் பேசலாம்.”

“இன்னொரு தடவை இப்படிச் செய்தால் உன் பிறந்தநாளுக்கு வரமாட்டேன்.”

நடுவில் இருப்பதுதான் எல்லை. முதலாவது கட்டளை, அது நடப்பதும் நடக்காததும் தோழியின் கையில் இருக்கிறது. இரண்டாவதற்கு அவள் சம்மதம் தேவையே இல்லை, போனை அணைக்க ஒரு விரல் போதும். தமிழில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வினைச்சொல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ‘பண்ணாதே’, ‘கேட்காதீர்கள்’, ‘போகக்கூடாது’ என்று முடிந்தால் மற்றவரை ஏவுகிறீர்கள். ‘அணைத்துவிடுவேன்’, ‘தரமாட்டேன்’, ‘கிளம்பிவிடுவேன்’ என்று முடிந்தால் உங்கள் செயலைச் சொல்கிறீர்கள். மிரட்டலும் அப்படித்தானே முடிகிறது என்று கேட்கலாம். அதைப் பிரித்தறிய இன்னொரு கேள்வி வேண்டும்: நான் செய்யப்போவது என் தூக்கத்தை, பணத்தை, உடம்பைக் காக்கிறதா, அவருக்கு வலிக்கட்டும் என்று செய்கிறேனா? பிறந்தநாளுக்குப் போகாமலிருப்பதால் யாருடைய தூக்கமும் மிச்சமாகாது.

“நீ உன் பழைய நண்பர்களோடு பேசக்கூடாது, அது என் எல்லை” என்று சொல்கிறவர்களும் உண்டு. எல்லை என்ற சொல் புழக்கத்தில் பரவிவிட்டதால், அடக்கி வைக்க நினைப்பவர்களும் அதையே போர்வையாக்கிக்கொள்கிறார்கள். ஒருவர் யாரோடு பேசுகிறார், எதை உடுத்துகிறார், எங்கே போகிறார் என்பதெல்லாம் அவருடைய வேலிக்குள் இருப்பவை.

எங்கே வலிக்கிறது என்று முதலில் பாருங்கள்

நேரம், பணம், உடல், சொந்த விஷயங்கள், மனச்சுமை என்று எல்லைகளை வகை பிரிப்பது வழக்கம். அந்தப் பட்டியல் தொடங்குகிறவருக்குப் பெரிதாக உதவுவதில்லை. உதவுவது மனத்தாங்கல். வாய் ‘சரி’ என்று சொன்ன பிறகும் உள்ளே தங்கிவிடும் கசப்பு அது. திரையில் ஒரு பெயர் வந்ததும் வயிறு கனத்தால், ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தபின் அவர் சொன்னதற்கெல்லாம் மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால், எல்லை தேவைப்படும் இடம் அங்கேதான் எங்கோ இருக்கிறது.

இரண்டு வாரம் ஒரு சின்னக் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டார், என்ன கேட்டார், ஒத்துக்கொண்ட அரை மணி கழித்து எப்படி இருந்தது, இவ்வளவே. ஒரு தடவை நடந்தது சம்பவம், மறந்துவிடலாம். அதே ஆள், அதே விஷயம், மூன்றாம் தடவை வந்தால் அது வழக்கம். எல்லை வழக்கங்களுக்குத்தான். பல பெயர்கள் தேறினால், மிகச் சிறியதும் மிகவும் திரும்பத் திரும்ப வருவதுமான ஒன்றை மட்டும் எடுங்கள். பத்து வருடக் குறையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்க்கப் பார்ப்பதுதான் இதில் முதன்முதலில் தவறுகிற இடம். அத்தனை நாள் பேசாமல் இருந்தவர் ஒரே மூச்சில் எட்டு எல்லைகளை அறிவித்தால், கேட்பவருக்கு அது எல்லையாகத் தெரியாது. “இவருக்கு என்ன ஆயிற்று” என்றுதான் தோன்றும்.

முகதாட்சண்யம்

எதிரில் நின்று கேட்பவரிடம் மறுக்க முடியாமல் போகும் அந்தத் தயக்கத்துக்குத் தமிழில் அழகான பெயர் இருக்கிறது. அதை ஆராய்ச்சிக்கூடத்திலும் அளந்திருக்கிறார்கள். பிரான்சிஸ் ஃபிளின், வனெசா லேக் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வுகளில், உதவி கேட்கப் போகிறவர்களிடம் “எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்?” என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னார்கள். அவர்கள் ஊகித்ததைவிட மிக அதிகமானவர்கள் ஒத்துக்கொண்டார்கள். கேட்பவர், அந்த உதவியைச் செய்ய மற்றவருக்கு எவ்வளவு சிரமம் என்று கணக்குப் போடுகிறார். கேட்கப்படுபவரோ, முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்று கணக்குப் போடுகிறார். இரண்டும் வேறு வேறு கணக்குகள்.

இதிலிருந்து இரண்டு பாடம். உங்கள் ‘சரி’ எவ்வளவு கடினமாக வந்தது என்பது கேட்டவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அவர் வேண்டுமென்றே சுரண்டுகிறார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அடுத்தது, சங்கடம் உச்சத்தில் இருக்கும் அந்த நிமிடத்தில் முடிவெடுக்காதீர்கள். “யோசித்துவிட்டு நாளை சாயங்காலத்துக்குள் சொல்கிறேன்” என்ற ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள். நேரம் குறிப்பிடுவது முக்கியம். வெறும் ‘பார்க்கலாம்’ என்றால் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், மறுநாள் மறுப்பது இன்னும் கடினமாகும். சொன்ன நேரத்துக்கு நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுங்கள். எழுத்தில் அனுப்பினாலும் தவறில்லை.

சொல்லும் விதம்

இரண்டு வாக்கியம். மூன்று ஆனால் அதிகம். முதல் வாக்கியத்தில் நீங்கள் செய்யப்போவது அல்லது செய்யாமலிருக்கப்போவது. இரண்டாவதில், விருப்பமிருந்தால், நீங்கள் தரக்கூடிய மாற்று. “அம்மா, சம்பளம் பற்றி நான் பேசப்போவதில்லை. மற்றது என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.” “அண்ணா, கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமென்றால் உட்கார்ந்து செய்து தருகிறேன்.” வயதில் மூத்தவரிடம் பேசும்போது மரியாதை சொல்லில் முழுசாக இருக்கட்டும், முடிவில் மட்டும் கலக்க வேண்டாம். ‘நீங்கள்’ என்று சொல்லிக்கொண்டே மறுக்கலாம். குரலை உயர்த்தாமல் மறுப்பது மூத்தவரிடம் பல சமயம் நன்றாகவே எடுபடும். உயர்த்தினால் பேச்சு உங்கள் குரலைப் பற்றியதாக மாறிவிடும்.

காரணம் சொல்வதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். “வர முடியாது, வண்டி இல்லை” என்றால் “நான் வந்து கூட்டிப்போகிறேன்” என்று பதில் வரும். அது அன்பினாலேயே வரலாம். ஒவ்வொரு காரணமும் எதிராளி தீர்த்துவைக்கக்கூடிய ஒரு கணக்காகிவிடும், தீர்த்துவைத்தபின் மறுக்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. ஒரே ஒரு உண்மையான காரணம் சொல்லுங்கள், அல்லது “எனக்குச் சரிப்படாது” என்பதோடு நிறுத்துங்கள். பணத்தில் “இந்த மாசம் கஷ்டம்” என்பது மறுப்பாகக் காதில் விழாது. அடுத்த மாதம் கேட்கச் சொல்லும் அழைப்பு அது. கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாத தொகையை, கடன் என்ற பேச்சே எடுக்காமல் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம்.

எப்போது சொல்வது? சண்டைக்கு நடுவில் வேண்டாம். மூன்றாம் ஆள் முன்னால் வேண்டவே வேண்டாம். சபையில் மறுக்கப்பட்டவர் உங்கள் எல்லையை மறந்துவிடுவார், அவமானத்தை மறக்க மாட்டார். தனியாக, இருவரும் பசியில்லாமல், அவசரமில்லாமல் இருக்கும் நேரம் சரி. சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் தாங்கமுடியாமல்தான் பலர் தாமே “பரவாயில்லை, இந்த ஒரு தடவை மட்டும்...” என்று இறங்கிவருகிறார்கள்.

அதன் பிறகு நிலைமை முதலில் மோசமாகும்

இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிப் போர் முடிந்த மாதிரி. வழக்கமாகப் பலன் கொடுத்துவந்த ஒரு செயல் திடீரென்று பலன் கொடுக்காமல் போனால், அது உடனே நின்றுவிடாது. சற்று நேரம் அதிகமாகும். காசு போட்டும் பொருள் விழாத எந்திரத்தை மனிதர் எப்படித் தட்டுகிறார், உலுக்குகிறார் என்று பார்த்திருப்பீர்கள். பி. எஃப். ஸ்கின்னர் வழிவந்த நடத்தை உளவியலில் இது பழைய பாடம். ஆகவே போனை எடுக்காத முதல் வாரத்தில் அழைப்பு மூன்றிலிருந்து ஐந்தாகலாம். “நீ மாறிவிட்டாய்” என்று வரும். உடம்பு சரியில்லை என்று வரும். பொது உறவினர் ஒருவர் தூது வருவார். இதெல்லாம் எல்லை தோற்றுவிட்டதன் அடையாளம் என்று நினைத்து நான்காவது நாளில் விட்டுக்கொடுத்தால், அவர் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: நான்கு நாள் தட்டினால் திறக்கும்.

எப்போதாவது ஒருமுறை விட்டுக்கொடுப்பது இன்னும் மோசம். எப்போது பலன் கிடைக்கும் என்று தெரியாத செயலைத்தான் கைவிட மனம் வராது. ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் புறாக்களை வைத்து விரிவாகக் காட்டியது இது. சூதாட்டம் விடமுடியாமல் போவதிலும் இதே கணக்கு வேலை செய்கிறது. அதனால்தான் காப்பாற்ற முடியாத பெரிய எல்லையைவிட, ஒவ்வொரு தடவையும் காப்பாற்றக்கூடிய சின்ன எல்லை மேல். ‘9 மணிக்கு மேல் யாரோடும் பேசமாட்டேன்’ என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வாரம் இரண்டு தடவை எடுப்பதற்கு, ‘11 மணிக்கு மேல் இல்லை’ என்று சொல்லி ஒரு தடவைகூட எடுக்காமலிருப்பது எவ்வளவோ தேவலை.

மறுபடி சொல்ல நேரும்போது புதிய வாதங்களைத் தேடாதீர்கள். அதே வாக்கியம், அதே குரல். இந்தக் கட்டத்தில் குற்றவுணர்வு வரும். அது வந்துவிட்டதாலேயே நீங்கள் குற்றம் செய்ததாக அர்த்தமில்லை. பழக்கத்துக்கு மாறாக எதைச் செய்தாலும் அப்படித்தான் இருக்கும். செய்தது சரியா என்று பார்க்க, அதே மறுப்பை உங்களிடம் வேறொருவர் அதே சொற்களில் சொல்லியிருந்தால் அநியாயம் என்று தோன்றுமா என்று கேட்டுப்பாருங்கள்.

ஒரு முக்கியமான விலக்கு. அடிக்கிறவர், கொன்றுவிடுவேன் என்கிறவர், பணத்தையும் போனையும் பிடித்து வைத்திருப்பவர், பின்தொடர்கிறவர்: இவர்களிடம் மேலே சொன்ன முறை பொருந்தாது. அங்கே எல்லையை அறிவிப்பதே ஆபத்தைக் கூட்டலாம். முதலில் நம்பகமான ஒருவரிடமோ உதவி அமைப்பிடமோ அவருக்குத் தெரியாமல் பேசி, எங்கே போவது, எதை எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

கைம்மாறு: கணக்கு எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

உதவியவருக்கு உதவு, உதவியவருக்குக் கெடுதல் செய்யாதே. சமூகவியலாளர் ஆல்வின் கோல்ட்னர் 1960-இல் கைம்மாறு நெறியை இந்த இரண்டு குறைந்தபட்ச விதிகளாகச் சுருக்கினார். ஏறத்தாழ எல்லாச் சமூகத்திலும் இது இருக்கும் என்றார். ‘எதிர்பார்ப்பே இல்லாததுதான் அன்பு’ என்று சொல்லிக்கொள்வது கேட்க நன்றாயிருக்கும். ஆனால் எதிர்பார்ப்பு இருக்கத்தான் செய்கிறது. வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அது மனத்தாங்கலாகச் சேர்கிறது, அவ்வளவுதான்.

அதே சமயம் நெருங்கிய உறவைக் கடைக்கணக்கு மாதிரி நடத்தினாலும் கெடும். மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் இருவரும் 1979-இல் செய்த சோதனைகளில், நெருக்கத்தை எதிர்நோக்கியவர்களுக்கு அவர்கள் செய்த உதவிக்குப் பதிலாக உடனடியாக ஏதாவது திருப்பித் தரப்பட்டபோது, தந்தவர் மேல் இருந்த விருப்பம் குறைந்தது. முறையான, கொடுக்கல் வாங்கல் தன்மையுள்ள உறவில் அதே செயல் விருப்பத்தைக் கூட்டியது. நண்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உடனே பணத்தை நீட்டினால் அவர் முகம் சுருங்குவது இதனால்தான். உடனே தீர்ப்பது ‘நமக்குள் பாக்கி வேண்டாம்’ என்று சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.

கணக்குப் பார்ப்பதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் 1979-இல் கணவன் மனைவியரிடம் தனித்தனியாக “இந்த வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு?” என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூற்றைத் தாண்டியது. பொய் சொன்னதால் வந்ததல்ல இது. நான் பாத்திரம் கழுவியது எனக்கு நினைவிருக்கிறது, அவர் கழுவியபோது நான் வேறு அறையில் இருந்தேன். வேடிக்கை என்னவென்றால், சண்டையை ஆரம்பிப்பது போன்ற பெருமையில்லாத விஷயங்களிலும் இதே சாய்வு தெரிந்தது. எனவே ‘நான்தான் கொஞ்சம் அதிகம் செய்கிறேன்’ என்று தோன்றினால் அநேகமாக இருவரும் சரிசமமாக இருக்கிறீர்கள். ‘கிட்டத்தட்ட எல்லாமே நான்தான்’ என்று மாதக்கணக்கில் தோன்றினால் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? ஒரு நாளையோ ஒரு வாரத்தையோ எடுக்காதீர்கள், ஆறு மாதத்தை எடுங்கள். ஒரே நாணயத்தில் எதிர்பார்க்காதீர்கள்: ஒருவர் பணமாகத் தருவார், ஒருவர் ஓடியாடிச் செய்வார், ஒருவர் காது கொடுப்பார். முதலில் யார் தொடர்புகொள்கிறார்? உங்கள் வாழ்க்கையில் இப்போது நடக்கும் ஒரு கஷ்டம் அவருக்குத் தெரியுமா? நீங்கள் ‘முடியாது’ என்ற தடவை அவர் எப்படி நடந்துகொண்டார்? நீங்கள் கேட்டபோது என்ன செய்தார்? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. அதற்குப் பலரிடம் பதிலே இருக்காது, ஏனென்றால் கேட்டதே இல்லை.

கேட்காமலே கொடுத்துக்கொண்டு, தாம் கேட்காமலே வர வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் தெரியாமல் போகிறது. எல்லை போடாததால், தாம் நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாது. கேட்காததால், மற்றவர் தருவாரா என்பதும் தெரியாது. கையில் இருப்பது வெறும் ஊகம். அந்த ஊகத்தின் மேல் வருடக்கணக்கில் கோபம்.

எனவே கேளுங்கள். ‘என்னையும் கொஞ்சம் கவனியேன்’ என்பது கேட்பதில் சேராது, அதை நிறைவேற்றியாயிற்றா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. “வியாழக்கிழமை 4 மணியிலிருந்து 6 வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வாயா?” “நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும், கூட வருகிறாயா?” நாளும் நேரமும் செயலும் இருக்கட்டும். இரண்டு மூன்று மாதத்தில் இப்படி மூன்று தடவை, சின்னதிலிருந்து நடுத்தரம் வரை கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ‘சரி’ வர வேண்டியதில்லை. “வியாழன் முடியாது, வெள்ளிக்கிழமை பார்க்கட்டுமா?” என்று வந்தால் அது நல்ல அறிகுறி. மூன்று தடவையும் மறுப்பும், பிறகு அதைப்பற்றிய விசாரிப்பே இல்லாத மௌனமும் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

அப்படியானால் முறித்துக்கொள்ள வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். தூரத்தை மாற்றினால் போதும். திரும்பி வராவிட்டாலும் வருத்தமில்லாமல் கொடுக்கக்கூடிய அளவுக்கு உங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதை அறிவிக்காமல். வாரம் மூன்று தடவை பேசியது மாதம் ஒன்றாகலாம், ரகசியம் பகிர்ந்த நட்பு நலம் விசாரிக்கும் நட்பாகலாம். சிலர் இந்த இடைவெளியில் தாமே நெருங்கி வருவார்கள். இதுவரை அவர்கள் முயற்சி செய்ய இடமே விடாமல் நீங்களே நிரப்பிக்கொண்டிருந்திருக்கலாம்.

பழிக்குப் பழி மட்டும் வேண்டாம். ராபர்ட் ஆக்செல்ராட் 1980 வாக்கில், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று முடிவெடுக்கும் கணினி நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு நடத்திய போட்டியில், அனடோல் ரப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல் வென்றது. முதல் ஆட்டத்தில் ஒத்துழைக்கும். பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய்யும். இதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் ‘அவர் செய்ததை நானும் செய்வேன்’ என்கிறார்கள். ஆனால் தவறுதலாக ஒரு தப்பு நேர்ந்தால், இப்படிப்பட்ட இருவர் மாறிமாறி அடித்துக்கொண்டே இருப்பார்கள், நிற்காது. அவ்வப்போது மன்னிக்கும் நிரல்கள் அந்தச் சூழலில் மேலாக இருந்ததைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. மனிதர் வாழ்க்கையில் தவறுதல்களுக்குப் பஞ்சமே இல்லை: பார்க்காமல் விட்ட செய்தி, மறந்த பிறந்தநாள். முதல் தடவையை விட்டுவிடுங்கள், இரண்டாம் தடவை வாய்விட்டுக் கேளுங்கள்.

கைம்மாறே எதிர்பார்க்க முடியாத இடங்களும் உண்டு. சிறு குழந்தை, நினைவு தப்பிய முதியவர், நோயில் படுத்திருப்பவர், துக்கத்தில் இருப்பவர். இங்கே தராசை உள்ளே வைத்துவிட வேண்டும். எல்லை மட்டும் தேவை, ஏனென்றால் பார்த்துக்கொள்பவர் தூங்காமல் விழுந்துவிட்டால் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இந்த இடத்தில் கைம்மாறைக் கேட்க வேண்டியது சுற்றியிருக்கும் மற்றவர்களிடம்: தங்கை ஓர் இரவு, மச்சான் மருந்து வாங்குவது, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மணி நேரம்.

உங்களிடம் யாராவது எல்லை போட்டால்

இது வரும், எதிர்பாராத ஆளிடமிருந்து வரும். நீங்கள் கேட்ட உதவிக்கு ‘முடியாது’ என்பதும் அவருடைய எல்லைதான். “ஏன்?” என்று உடனே கேட்காதீர்கள், அந்தக் கேள்வி அவரைக் காரணம் தேட வைக்கும், காரணம் சொன்னால் நீங்கள் அதைத் தீர்க்கப் பார்ப்பீர்கள். “சரி, சொன்னதற்கு நன்றி” போதும். முகம் கொஞ்சம் வாடினால் வாடட்டும். அடுத்த வாரம் வேறு ஏதாவது சாதாரண விஷயத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள், 10 மணிக்கு முன்னால்.